கடவுள் உள்ளத்தில் குடியிருப்பது என்றால் என்ன?

ஞாயிறு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “ஆபரேஷன் செய்து வேறு இருதயம் வைத்துவிட்டால், உள்ளே இருந்த இயேசு என்ன ஆவார் சார்?” வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அந்த மாதம்தான் அவன் தாத்தாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, பெரியவர்களும் இந்த விஷயத்தில் அந்தப் பையனைவிடத் தெளிவாக இல்லை என்று தோன்றியது. “கடவுள் எல்லார் உள்ளத்திலும்தான் இருக்கிறார்” என்கிறார் ஒருவர். “பாவம் செய்தால் எழுந்து போய்விடுவார்” என்கிறார் இன்னொருவர். “ஆராதனையில் எனக்கு மெய்சிலிர்த்தது, அப்போதே உள்ளே வந்துவிட்டார்” என்கிறார் மூன்றாமவர். மூவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வேறு காரியங்களைப் பேசுகிறார்கள். கிறிஸ்தவ வேதம் இந்தச் சொல்லால் எதைச் சொல்கிறது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில், எந்த இருதயம்?

மார்புக்கூட்டில் துடிக்கும் தசை அல்ல. வேதத்தின் முற்பகுதியான பழைய ஏற்பாட்டை எழுதிய எபிரெய மொழியில் இருதயத்துக்கு ‘லேவ்’ என்று பெயர். நாம் இருதயம் என்றதும் அன்பு, துக்கம், காதல் என்று உணர்ச்சிப் பக்கமே போகிறோம். எபிரெயருக்கு லேவ் என்பது பெரும்பாலும் யோசிக்கிற, தீர்மானிக்கிற இடம். ஆழ்ந்த உணர்ச்சிகளை அவர்கள் இன்னும் கீழே, சிறுநீரகத்தில் வைத்தார்கள். தமிழ் வேதாகமத்தில் ‘உள்ளிந்திரியங்கள்’ என்று வருகிற சொல்லுக்குப் பின்னால் இருப்பது அதுதான்.

ஆக, ‘இருதயத்தில் கடவுள்’ என்றால், ஒருவன் தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கிற அந்த உள் அறையில் கடவுள் இருக்கிறார் என்று பொருள். இந்த மாதச் சம்பளத்தை எப்படிச் செலவழிப்பது, தம்பியோடு உள்ள வழக்கை விடுவதா நடத்துவதா என்றெல்லாம் தீர்மானமாகிற அறை அது. தாத்தாவின் ஸ்டென்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்த வாரம் பையனிடம் இதைச் சொன்னேன். பாதி நிம்மதி அடைந்த மாதிரி தெரிந்தது.

எங்கும் இருப்பவர் எப்படி ஓரிடத்தில் குடியிருப்பார்?

நியாயமான கேள்வி. “உம்முடைய சமுகத்தை விட்டு எங்கே ஓடுவேன்?” என்று 139ஆம் சங்கீதம் கேட்கிறது. கடவுள் இல்லாத இடமே இல்லை என்றால், இவர் உள்ளத்தில் இருக்கிறார், அவர் உள்ளத்தில் இல்லை என்று பேசுவதற்கே இடமில்லையே?

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போயிருப்பீர்கள். பக்கத்து இருக்கைக்காரரின் தோளும் உங்கள் தோளும் விடியும்வரை உரசிக்கொண்டே இருந்திருக்கும். அவர் குறட்டை உங்களுக்கு மனப்பாடம். ஆனால் பெயர் தெரியாது. சென்னையில் இறங்கி அவர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். அத்தனை மணி நேரமும் அவர் உங்களோடு இருந்தார் என்பது உண்மை. உங்களோடு ‘வாழ்ந்தார்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடவுள் எங்கும் இருப்பதை வேதம் மறுக்கவில்லை. அதற்கு மேல் ஒன்றைச் சொல்கிறது: சிலரோடு அவர் உறவாகக் குடியிருக்கிறார் என்கிறது. இப்படி விசுவாசியின் உள்ளத்தில் கடவுள் தங்குவதை இனி ‘உள்வாசம்’ என்று குறிப்பிடுகிறேன். இது தூரத்தைப் பற்றிய பேச்சு அல்ல, உறவைப் பற்றியது.

கூடாரத்தில் தொடங்கிய கதை

உள்வாசம் புதிய ஏற்பாட்டில் திடீரென்று முளைத்ததல்ல. எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கூடாரம் அடித்துத் திரிந்தபோது, கடவுளும் தமக்கு ஒரு கூடாரம் கேட்டார். “அவர்கள் நடுவிலே நான் வாசம்பண்ண, எனக்கு ஒரு பரிசுத்த ஸ்தலத்தை உண்டாக்குவார்களாக” என்கிறது யாத்திராகமம் 25:8. ‘அதன் நடுவிலே’ என்று சொல்லவில்லை, ‘அவர்கள் நடுவிலே’ என்கிறது. கூடாரம் ஏற்பாடுதான், குடியிருப்பு ஜனங்களோடு.

பிறகு சாலொமோன் எருசலேமில் கல்லால் ஆலயம் கட்டினான். கட்டி முடித்த பிரதிஷ்டை நாளில் அவனுக்கே சந்தேகம் வந்தது: “வானங்களும், வானாதிவானங்களும், உம்மைக் கொள்ளாதே, நான் கட்டின இந்த ஆலயம் எம்மாத்திரம்?” பெரிய காண்டிராக்டை முடித்த கையோடு இப்படி ஜெபிக்கிற ராஜாவை எனக்குப் பிடிக்கும். ஆலயத்தின் உட்புறத்தில் மகா பரிசுத்த ஸ்தலம் என்று ஓர் அறை. வருஷத்தில் ஒரு நாள், பாவநிவாரண நாளில், பிரதான ஆசாரியன் (தலைமைக் குரு) மட்டும் அதற்குள் போவான்.

அந்த ஆலயமும் நிலைக்கவில்லை. அநியாயம் பெருகியதால் கர்த்தருடைய மகிமை முதலில் வாசற்படிக்கும், பிறகு கிழக்கு வாசலுக்கும், பிறகு ஊருக்கு வெளியே உள்ள மலைக்கும் படிப்படியாக நகர்ந்து போனதை எசேக்கியேல் தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்டதாக எழுதியிருக்கிறார். வீட்டை விட்டுப் போக மனமில்லாதவர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று போவதுபோல் இருக்கும் அந்தப் பகுதி. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் ஆலயத்தை எரித்தார்கள். திரும்பி வந்தவர்கள் மறுபடியும் கட்டினார்கள். ஆனால் கட்டளைகள் எழுதிய கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி இல்லாமல் அந்த உள்ளறை வெறுமையாகவே இருந்தது. கி.மு. 63இல் எருசலேமைப் பிடித்த ரோமத் தளபதி பாம்பே அதற்குள் நுழைந்து பார்த்தார். அங்கே எந்தச் சிலையும் இல்லாதது ரோமருக்குப் பேச்சாகிவிட்டது.

இப்போது கொரிந்துவுக்கு வருவோம். கிரேக்கத் துறைமுகப் பட்டணம். அங்கிருந்த அப்பொல்லோ கோயிலின் ஏழு தூண்கள் இன்றும் நிற்கின்றன. இயேசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோன அப்போஸ்தலர் பவுல் அங்கே ஒன்றரை வருஷம் தங்கி ஒரு சபையை உருவாக்கியவர். கி.பி. 55 வாக்கில் அவர்களுக்கு எழுதுகிறார்: “நீங்கள் தேவனுடைய ஆலயமாயிருக்கிறீர்களென்றும், தேவனுடைய ஆவி உங்களில் வாசமாயிருக்கிறாரென்றும் அறியாதிருக்கிறீர்களா?” அவர் இதை எழுதும்போது எருசலேம் ஆலயம் கம்பீரமாக நிற்கிறது. ரோமர் அதை இடித்தது கி.பி. 70இல். ஆக, இடிந்த கோயிலுக்கு மாற்றுத் தேடி ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை இது அல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோயில் வளாகம் முழுவதற்கும் கிரேக்கத்தில் ‘ஹியரோன்’ என்று ஒரு சொல் உண்டு. பவுல் அதை எடுக்கவில்லை. ‘நவோஸ்’ என்கிறார். அது தெய்வம் குடியிருக்கிற உட்பகுதி. நம் வழக்கில் சொன்னால் கருவறை. ஆசாரியர் தவிர வேறு யாரும் நுழையாத அந்த உட்பகுதி, எளியவர்களும் அடிமைகளும் இருந்த ஒரு சபைக்கு உவமையாகிவிட்டது. ‘நீங்கள்’ என்பதும் வெறும் மரியாதைப் பன்மை அல்ல. மூலத்தில் அது உண்மையான பன்மை. கொரிந்தியருக்கு எழுதிய அந்த முதல் கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் சபை முழுவதும் சேர்ந்து ஒரு கருவறை. ஆறாம் அதிகாரத்தில் ஒவ்வொருவர் உடலையும் அப்படியே சொல்கிறார். “என் உள்ளத்தில் இருக்கிறார், எனக்குச் சபை எதற்கு?” என்பவர்கள் பொதுவாக ஆறாம் அதிகாரத்தை மட்டும் படித்தவர்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: இருதயம் என்பது தீர்மானங்கள் பிறக்கும் இடம். உள்வாசம் என்பது அங்கே கடவுள் உறவாகத் தங்குவது. கூடாரம், ஆலயம் என்று வந்த அந்தத் தங்கல் புதிய ஏற்பாட்டில் மனிதருக்குள் வருகிறது.

விருந்தாளியும் வீட்டுக்காரரும்

என் சிறுவயதில் அத்தைப் பாட்டி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் அத்தை. முதல் வாரம் அவர் விருந்தாளி. முன்னறையில் நாற்காலி, நல்ல டம்ளரில் காப்பி, எல்லோரும் உடை சரிசெய்துகொண்டுதான் முன்னால் போவோம். இரண்டாம் மாதம் சமையலறையில் உப்பு ஜாடி இடம் மாறியது. ராத்திரி ஒன்பது மணிக்கு ரேடியோ நிற்க ஆரம்பித்தது. நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. அது அவர் ஜெபிக்க உட்காரும் நேரம் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஒருநாள், பரண்மேல் பல வருஷமாக யாரும் தொடாமல் கிடந்த மூட்டையை இறக்கச் சொன்னார். அம்மாவுக்கு அன்று வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. மூட்டைக்குள் செல்லரித்த சேலைகளும் ஒரு எலிக்கூடும் இருந்தன.

முன்னறையோடு நிற்பவர் விருந்தாளி. பரண்வரை கைவைப்பவர் குடியிருப்பவர்.

கிரேக்க மொழியில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. ‘பரோய்க்கேயோ’ என்றால் அந்நியராகத் தற்காலிகமாகத் தங்குவது. ‘கடோய்க்கேயோ’ என்றால் இதுதான் என் வீடு என்று குடியமர்வது. “விசுவாசத்தினாலே கிறிஸ்து உங்கள் இருதயங்களில் வாசமாயிருக்கவும்” என்று எபேசியர் 3:17இல் பவுல் ஜெபிக்கும்போது வருவது இரண்டாவது சொல்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. இந்த ஜெபம் விசுவாசிகளுக்காக. அதே கடிதத்தின் முதல் அதிகாரத்தில், அவர்கள் ஏற்கெனவே பரிசுத்த ஆவியால் முத்திரை போடப்பட்டவர்கள் என்றும், அந்த ஆவி அவர்கள் சுதந்தரத்தின் (அவர்களுக்கு வரவேண்டிய உரிமைச் சொத்தின்) ‘அச்சாரம்’ என்றும் எழுதிவிட்டார். நிலம் பேசி முடித்து அச்சாரம் கொடுத்தவர் பேச்சு மாற மாட்டார் என்பது நமக்குத் தெரிந்த வழக்கம்தான். அச்சாரம் கைமாறியாயிற்று, கிறிஸ்து அவர்களுக்குள் வந்தாயிற்று. பிறகு அவர் குடியமர வேண்டும் என்று ஏன் ஜெபிக்க வேண்டும்? வீட்டுக்குள் வருவது வேறு, வீடு முழுவதும் அவருக்கு வீடாக ஆவது வேறு என்பதால்தான். முதலாவது ஒரு நாளில் நடக்கலாம். இரண்டாவதற்கு வருஷங்கள் பிடிக்கும்.

கீழ்ப்படிதல் எங்கே வருகிறது?

மிக அதிகமாகக் குழம்புகிற இடம் இதுதான். கீழ்ப்படிதலைப் பலர் வாடகைபோல நினைக்கிறார்கள். மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினால் கடவுள் இருப்பார், ஒரு மாதம் தவறினால் காலி செய்துவிடுவார் என்று. இதற்கு ஆதாரமாகக் காட்டும் வசனம் யோவான் 14:23: “ஒருவன் என்னில் அன்பாயிருந்தால், அவன் என் வசனத்தைக் கைக்கொள்ளுவான், அவனில் என் பிதா அன்பாயிருப்பார், நாங்கள் அவனிடத்தில் வந்து அவனோடே வாசம்பண்ணுவோம்.”

இது ஒரு கேள்விக்கு வந்த பதில். இயேசு பிடிபடப் போகும் ராத்திரி, சாப்பாட்டுப் பந்தி. யூதா என்ற சீஷன் (காட்டிக்கொடுத்த யூதாஸ் ஸ்காரியோத்து அல்ல, வேறொரு யூதா) கேட்கிறான்: எங்களுக்கு மட்டும் உம்மை வெளிப்படுத்தி, உலகத்துக்கு ஏன் வெளிப்படுத்தப்போவதில்லை? அவன் எதிர்பார்த்தது ஊரறிய ஒரு பெரிய வெளிப்பாடு. இயேசு ஒரு வீட்டைப் பற்றிப் பதில் சொல்கிறார். ‘வாசம்’ என்று இங்கே வருகிற கிரேக்கச் சொல் ‘மோனே’, தங்குமிடம். புதிய ஏற்பாடு முழுவதிலும் அது இரண்டே இடங்களில் வருகிறது. இன்னொன்று அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனம்: “என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு.” மனிதனுக்குக் கடவுளிடத்தில் ஓர் இடம், கடவுளுக்கு மனிதனிடத்தில் ஓர் இடம். இரண்டுக்கும் ஒரே சொல்.

இந்த வசனத்தில் கீழ்ப்படிதல் நிபந்தனையாக இருக்கிறது. அதை மழுப்பக் கூடாது. ஆனால் நிபந்தனை எந்த வகையானது என்று பார்க்க வேண்டும். வரிசை அன்பில் தொடங்குகிறது. ‘கைக்கொள்ளுதல்’ என்பதற்கு மூலத்தில் உள்ள சொல், ஒன்றைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வைத்திருப்பது என்ற பொருளையும் தருவது. போலீஸுக்குப் பயந்து ஹெல்மெட் போடுவதற்கும், அம்மா எழுதிய கடைசிக் கடிதத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

தமிழருக்கு இதைப் புரியவைப்பது சுலபம் என்பேன். “அந்தப் பையன் சொன்னால் கேட்கவே மாட்டான்” என்றால் அவனுக்குக் காது மந்தம் என்றா பொருள்? நம் மொழியில் கேட்பதும் கீழ்ப்படிவதும் ஒரே சொல். எபிரெயத்திலும் அப்படித்தான்: ‘ஷமா’ என்றால் கேள் என்றும் பொருள், கீழ்ப்படி என்றும் பொருள். சாலொமோன் கடவுளிடம் ஞானமுள்ள இருதயம் கேட்டான் என்று தமிழில் படிக்கிறோம். மூலத்தில் அவன் கேட்டது ‘லேவ் ஷொமேயா’, கேட்கிற இருதயம். கீழ்ப்படிகிற உள்ளம் என்பது தப்பே செய்யாத உள்ளம் அல்ல, பேச்சுக்குக் காது கொடுக்கிற உள்ளம்.

அந்தக் கேட்கும் தன்மை எங்கிருந்து வருகிறது? எசேக்கியேல் 36:27 சொல்கிறது: “உங்கள் உள்ளத்திலே என் ஆவியை வைத்து, உங்களை என் கட்டளைகளில் நடக்கவும்” பண்ணுவேன். இங்கே முதலில் ஆவி, பிறகு நடை. யோவானில் முதலில் நடை, பிறகு வாசம். முரண்பாடு போலத் தெரிகிறது. இரண்டு கட்டங்களையும் நினைவில் வைத்தால் சிக்கல் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். அவர் உள்ளே வருவது நம் தகுதிக்குக் கிடைத்த பரிசு அல்ல. வந்தவர் வீட்டு மனிதராக ஆவதோ, நாம் அவர் பேச்சைக் கேட்பதைப் பொறுத்தது. அத்தைப் பாட்டியை அழைத்துவந்தது அப்பா. குழந்தைகள் நாங்கள் ஒழுக்கமாக இருந்ததற்காக அவர் வரவில்லை. ஆனால் நாங்கள் ஒன்பது மணிக்கு ரேடியோவை அலறவிட்டுக்கொண்டே இருந்திருந்தால், அவர் அந்த வீட்டில் இருந்திருப்பார், வீட்டோடு இருந்திருக்க மாட்டார்.

பவுல் கொரிந்தியரைக் கண்டிக்கும் விதமும் இதற்குச் சாட்சி. அந்தச் சபையில் கோஷ்டிச் சண்டை, ஒருவர்மேல் ஒருவர் வழக்கு, வேசித்தனம் எல்லாம் இருந்தன. “இப்படியே போனால் நீங்கள் ஆலயமாக மாட்டீர்கள்” என்று அவர் தொடங்கவில்லை. “நீங்கள் ஆலயம், இது தெரியாதா, பிறகு ஏன் இப்படி?” என்கிறார். குடியிருப்பிலிருந்து நடத்தைக்குப் போகிறது அவர் வாதம். அதற்காகச் சும்மா விட்டுவிடவும் இல்லை. தேவனுடைய ஆலயத்தைக் கெடுப்பவனைத் தேவன் கெடுப்பார் என்ற எச்சரிக்கை அடுத்த வசனத்திலேயே நிற்கிறது.

அந்த ராத்திரிப் பந்திக்கு மறுபடியும் போனால், பேதுரு என்ற சீஷனும் அங்கே இருக்கிறான். சேவல் கூவுமுன் மூன்று தரம் என்னை மறுதலிப்பாய் என்று அவனிடம் சொன்ன கையோடு, “உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக” என்று இயேசு பேச்சைத் தொடர்கிறார். உள்வாசத்தைப் பற்றிய வாக்குறுதி அந்தப் பேச்சின் நடுவில்தான் வருகிறது. விடிவதற்குள் தன்னைத் தெரியாது என்று சொல்லப்போகிறவனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொன்ன வாக்குறுதி அது.

சுருக்கமாக: கீழ்ப்படிதல் வாடகை அல்ல. குடியிருப்பவரின் பேச்சைக் கேட்பது. கேட்கக் கேட்க அறைகள் ஒவ்வொன்றாக அவருடையதாகின்றன.

சாமி இறங்குவது போன்றதா?

இல்லை. அருள் வந்து ஆடுபவர் தன்னிலை மறக்கிறார். முடிந்தபின் என்ன பேசினோம் என்றே தெரியாது என்பார். உள்வாசத்தில் ஆள் அப்புறப்படுத்தப்படுவதில்லை. ஆவியின் கனிகள் என்று கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் அடுக்குகிற ஒன்பதில் கடைசியாக நிற்பது இச்சையடக்கம், அதாவது தன்னைத் தானே ஆளுதல். தன்னிலை இழப்பதற்கு நேர் எதிரானது. வீட்டில் ஒருவர் குடிவந்தார் என்பதற்காக வீடு அவராக மாறிவிடுவதும் இல்லை. விசுவாசி கடவுளாகிவிடுகிறான் என்று இதற்குப் பொருள் கொண்டால் தவறு.

மெய்சிலிர்ப்பு வரலாம், வராமலும் போகலாம். உணர்ச்சியை யோவான் அளவுகோலாக வைக்கவில்லை. நாம் ஒருவரிடத்தில் ஒருவர் அன்புகூர்ந்தால் தேவன் நமக்குள் நிலைத்திருக்கிறார் என்று அவருடைய முதல் கடிதம் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாதவருக்கு இது கொஞ்சம் சங்கடமான அளவுகோல்தான்.

இங்கே பூசலாரை நினைக்காத தமிழர் குறைவு. கையில் காசில்லாமல், திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டி முடித்த அடியவர். அழகான கதை. பவுலின் பேச்சில் ஒரு வித்தியாசம் உண்டு. “தேவனுடைய வாசஸ்தலமாகக் கூட்டிக் கட்டப்பட்டுவருகிறீர்கள்” என்று எபேசியருக்கு எழுதுகிறார். கட்டப்படுகிறீர்கள். பூசலாரின் கோயிலில் கொத்தனார் பக்தர். இங்கே குடிவருபவரே கொத்தனாரும்.

சபைகள் பிரிகிற இடம்

பாவம் செய்தால் அவர் போய்விடுவாரா என்ற கேள்விக்குக் கிறிஸ்தவர்கள் எல்லோரிடமும் ஒரே பதில் இல்லை. திருமுழுக்கில் தொடங்கும் இந்த உறவைச் சாவான பாவம் (மிகக் கனமான பாவம்) முறித்துவிடும், குருவிடம் பாவத்தை அறிக்கையிடுகிற ஒப்புரவு அருட்சாதனம் மறுபடியும் சேர்க்கும் என்பது கத்தோலிக்கப் போதனை. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த சபைகள், உண்மையான விசுவாசியை விட்டு ஆவியானவர் நிரந்தரமாகப் போவதில்லை, துக்கப்படுவார் என்கின்றன. பெந்தெகொஸ்தே சபைகளில் பல, உள்வாசத்தையும் ஆவியின் அபிஷேகத்தையும் இரண்டு தனி அனுபவங்களாகப் பிரிக்கின்றன. கடவுளின் சாரத்தை மனிதன் எட்ட முடியாது, அவருடைய ஆற்றல்களிலோ உண்மையாகவே பங்குபெற முடியும் என்று 14ஆம் நூற்றாண்டில் கிரிகோரி பலமாஸ் என்ற இறையியலாளர் செய்த வேறுபாட்டைக் கீழை ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் இன்றும் பிடித்திருக்கின்றன. ஆரம்பநிலை வாசகருக்கு இவ்வளவு போதும்.

கதவுக்கு வெளியே நிற்பவர்

இயேசு கையில் விளக்கோடு ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கில ஓவியர் ஹோல்மன் ஹன்ட் 1850களின் தொடக்கத்தில் வரைந்தது, ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. அதைப் பார்த்தும் பாராமலும் வந்த படங்கள் நம் வீட்டுக் காலண்டர்கள்வரை உண்டு. “இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன், ஒருவன் என் சத்தத்தைக் கேட்டு, கதவைத் திறந்தால்” என்ற வெளிப்படுத்தல் 3:20தான் அதன் பொருள். நற்செய்திக் கூட்டங்களில் இதைப் புதியவர்களுக்கான அழைப்பாகப் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் அது லவோதிக்கேயா என்ற ஊரில் இருந்த ஒரு சபைக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த கிறிஸ்தவர்களின் கதவு அது.

படத்தை வகுப்புக்கு எடுத்துப்போனேன். இந்தப் படத்தில் ஒன்று குறைகிறது, கண்டுபிடியுங்கள் என்றேன். ஸ்டென்ட் தாத்தாவின் பேரன்தான் முதலில் கை தூக்கினான். “கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை சார்.” உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும் என்று விளக்கினேன். அவன் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உள்ளே டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தால் அவர் தட்டுவது கேட்காதே சார்?”